வெளி நாற்காலியில் காத்திருக்கும் கணவர்களுக்கு

அன்புள்ள அண்ணன்மார்களே, தம்பிமார்களே,

தென்காசிப் பக்கம் ஒரு சிறிய பிசியோதெரபி நிலையத்தில் வேலை பார்ப்பவள் நான். மனைவியை வண்டியில் கூட்டிவந்து இறக்கிவிட்டு, வாசலை ஒட்டிய நாற்காலியில் அரைமணி நேரம் செல்போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறீர்களே, உங்களுக்குத்தான் இந்த மடல். திரைக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று உங்களில் பெரும்பாலோர் கேட்டதில்லை. கேட்கத் தயக்கம் என்றுதான் நினைக்கிறேன். ஏனென்றால் சிகிச்சை முடிந்து அவர் வெளியே வந்ததும் "இப்ப பரவால்லையா?" என்று நீங்கள் கேட்பது உள்ளே இருக்கிற எனக்குக் கேட்கும். அக்கறை இல்லாதவரிடமிருந்து அந்தக் கேள்வி வராது. அந்த அக்கறையை நம்பி ஒன்று கேட்கிறேன். அவருடைய முதுகை நீவிவிட நீங்கள் கற்றுக்கொள்ளுங்கள்.

எங்களிடம் வருகிற பெண்களில் பலர் பீடி சுற்றுகிறவர்கள். ஆலங்குளம், கடையம், பாவூர்சத்திரம், முக்கூடல் என்று இந்த வட்டாரத்தில் எந்தத் தெருவில் நுழைந்தாலும் திண்ணையில் நாலு பேர் மடியில் சுளகோடு உட்கார்ந்திருப்பார்கள். உங்கள் வீட்டிலும் அப்படித்தான். ஆனால் அவர் உட்கார்ந்திருக்கும் விதத்தை ஒருநாள் நின்று பாருங்கள். ஒரு கால் மடங்கியிருக்கும், ஒரு கால் நீண்டிருக்கும். முதுகு வில்லாக வளைந்திருக்கும். இரண்டு முழங்கைகளும் எதன்மேலும் சாயாமல் அந்தரத்தில் நிற்கும். இலையை வெட்டும்போதும், தூளை வைத்துச் சுற்றும்போதும், நூலைக் கட்டும்போதும் தலை குனிந்தே இருக்கும். மனிதத் தலையின் எடை ஏறக்குறைய 5 கிலோ. குனிந்த அந்தத் தலையை விழாமல் தாங்குவது பிடரித் தசைகளும், தோள்பட்டை எலும்புகள் இரண்டுக்கும் நடுவிலுள்ள தசைகளும்தான். நடக்கும்போது கால் தசை சுருங்கும், தளரும். அதனால் அதற்கு இளைப்பாற இடமுண்டு. இந்தத் தசைகளுக்கு அது கிடையாது. காலை பத்து மணிக்கு இறுகினால் சாயங்காலம் பீடியைக் கடையில் கொண்டுபோய்க் கொடுக்கும்வரை இறுகியே நிற்கும். இறுகிய தசைக்குள் ரத்தம் தாராளமாகப் போகாது. "நடுமுதுகுல யாரோ ஆணி அடிச்ச மாதிரி இருக்கு" என்று அவர் சொல்வது அதைத்தான். பிறகு சோறு வடிக்க வேண்டும், தண்ணீர் தூக்க வேண்டும், துணி துவைத்துப் பிழிய வேண்டும். அதற்கு மாட்டிக்கொள்வது இடுப்பு.

உலகம் முழுக்க 2020ஆம் ஆண்டில் 61.9 கோடிப் பேருக்கு இடுப்பு வலி இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதில் பெண்களே அதிகம். நம் ஊர் எண்ணிக்கை எனக்குத் தேவையில்லை. தினமும் என் மேசைமேல் கிடக்கிற முதுகுகள் போதும்.

வாரத்துக்கு இரண்டு முறை வரச் சொல்கிறோம். ஆட்டோவோ பஸ்ஸோ பிடித்து வந்து, அன்றைய கூலியில் ஒரு பகுதியை விட்டுவிட்டு, எங்களுக்கும் பணம் கட்டிப் போகிறார்கள். மூன்றாவது வாரம் பலர் வருவதில்லை. ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். நான் உள்ளே செய்வதில் உடற்பயிற்சியைக் கற்றுக்கொடுப்பது, எந்தத் தசையில் பழுது என்று பார்ப்பது, நோயைச் சந்தேகித்து மருத்துவரிடம் அனுப்புவது ஆகியவற்றை நீங்கள் செய்ய முடியாது. முதுகை நீவுவது அப்படியல்ல. நன்றாகச் சொல்லிக்கொடுத்தால் அதை வீட்டில் நீங்களே செய்யலாம். வாரத்தில் மூன்று இரவு, இருபது நிமிடம். நான் இரண்டு முறை செய்வதைவிட அது அவருக்கு நல்லது.

இதனால் முதுகு வலி தீர்ந்துவிடும் என்று சொல்லமாட்டேன். மசாஜ் தரும் நிவாரணம் பெரும்பாலும் சில மணி நேரம், சில நாள். 2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் நாள்பட்ட இடுப்பு வலிக்கென்று வெளியிட்ட வழிகாட்டுதலில், உடற்பயிற்சி, வலியைப் பற்றிய தெளிவு இவற்றோடு மசாஜையும் கொடுக்கலாம் என்றிருக்கிறது. அதே வழிகாட்டுதல், நீங்கள் பாசத்தோடு மருந்துக்கடையில் வாங்கிக்கொடுத்த இடுப்பு பெல்ட்டை வழக்கமான சிகிச்சையாகப் பரிந்துரைக்கவில்லை. அடுத்த பெல்ட்டுக்கு எடுத்து வைத்திருக்கும் பணத்தை வேறெதற்காவது வைத்துக்கொள்ளுங்கள். வலி தற்காலிகமாகக் குறைந்து, அந்த இரவு நடுவில் எழாமல் அவர் தூங்கினால் மறுநாள் பயிற்சி செய்யத் தெம்பிருக்கும். பயிற்சிதான் முதுகைத் தேற்றும். நீவுவது அவரைப் பயிற்சிவரை கொண்டுவந்து சேர்க்கும். அதுவே பெரிய உதவி.

"நானா? பொண்டாட்டிக்கு முதுகு பிடிச்சுவிடவா? அம்மா பார்த்தா என்ன நினைப்பா?" என்று ஒரு தம்பி நேராகவே கேட்டார். அவர் மறைக்காமல் கேட்டது எனக்குப் பிடித்திருந்தது. நம் வீடுகளில் கால் பிடித்துவிடுகிற வேலை எப்போதும் கீழிருந்து மேலே போய்க்கொண்டிருந்தது. பேரன் தாத்தாவுக்கு, மருமகள் மாமியாருக்கு, மனைவி கணவனுக்கு. குழந்தை பெற்ற பச்சை உடம்புக்காரிக்கு மட்டும் நாற்பது நாள் எண்ணெய் தேய்த்து வெந்நீர் ஊற்றுவார்கள். அதன்பின் அவர் முதுகை யாரும் தொட்டிருக்கமாட்டார்கள். முப்பது வருடம் மற்றவர்களுக்குப் பிடித்துவிட்ட கை, தன் முதுகை எட்டாது. அந்த முதுகை நீவிவிடுவதில் எந்தக் குறைவும் கிடையாது. அம்மா பார்த்தால் பார்க்கட்டும். அவருக்கும் முதுகு வலிக்கும். மறுநாள் அவருக்கும் பிடித்துவிடுங்கள்.

இந்தக் கூச்சம் நமக்கு மட்டும் வந்ததல்ல. லண்டனில் 1894இல் மசாஜ் என்ற பெயரில் தவறான தொழில் நடக்கிறது என்று பெரிய சர்ச்சை கிளம்பியது. நேர்மையாக நோயாளிகளுக்கு நீவிவிட்டுக்கொண்டிருந்த நான்கு செவிலியர்கள், தங்கள் வேலையின் மதிப்பைக் காப்பாற்ற அதே ஆண்டு ஒரு சங்கம் தொடங்கினார்கள். அந்தச் சங்கம்தான் பின்னாளில் பிரிட்டனின் பிசியோதெரபிஸ்டுகள் சங்கமாக வளர்ந்தது. என் தொழிலின் ஒரு வேர் அங்கே இருக்கிறது. நம் பக்கம் சித்த மருத்துவத்தில் இதற்கு தொக்கணம் என்று பெயர். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், அழுத்தல், இழுத்தல் முதலான ஒன்பது வகையாகப் பிரித்திருக்கிறார்கள். ஐரோப்பாவில் யோஹான் மெட்ஸ்கர் என்ற டச்சு மருத்துவர் 19ஆம் நூற்றாண்டில் நீவுதல், பிசைதல், தேய்த்தல், தட்டுதல் என்று வகை பிரித்தார். எங்கள் கல்லூரிப் பாடம் அதையொட்டியே வருகிறது. இத்தனையும் உங்களுக்கு வேண்டாம். முதல் இரண்டு மாதம் நீவுவதும் மெல்லப் பிசைவதும் போதும். வர்மப் புள்ளிகளை வீடியோவில் பார்த்து அழுத்திப் பார்க்க வேண்டவே வேண்டாம். ஆசானிடம் வருடக்கணக்கில் இருந்து கற்கிற வித்தை அது. முறுக்கிச் சொடக்கு எடுப்பதும் கூடாது.

இனி செய்முறைக்கு வருகிறேன்.

ராத்திரி சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது ஆன பிறகு தொடங்குங்கள். அதற்கு முன்னால் பாத்திரத்தைக் கழுவி அடுப்படியை ஒதுக்கிவிடுங்கள், நீங்களேதான். நீவி முடித்ததும் அவர் எழுந்துபோய்ப் பாத்திரம் துலக்கினால் தளர்ந்த தசை அந்த நிமிடமே இறுகிவிடும். பிள்ளைகளை அடுத்த அறையில் படுக்க வையுங்கள். ஒரே அறை வீடென்றால் அவர்கள் தூங்கும்வரை பொறுங்கள்.

கட்டில் மெத்தையில் செய்யாதீர்கள். நீங்கள் அழுத்துவதை மெத்தை வாங்கிக்கொள்ளும். தரையில் பாய் விரித்து, அதன்மேல் கனமான போர்வை இரண்டை மடித்துப் போடுங்கள். குப்புறப் படுக்கும்போது வயிற்றுக்கடியில் மெலிதாக ஒரு தலையணை. இடுப்புக் குழி ரொம்ப உள்வாங்காமல் இருக்கும். கணுக்காலுக்கடியில் சுருட்டிய துண்டு. முகத்தை ஒரு பக்கம் திருப்பியே இருபது நிமிடம் படுத்தால் கழுத்து பிடித்துக்கொள்ளும், அதனால் நெற்றிக்கு ஒரு துண்டை மடித்து வைத்து மூக்கு தரையில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குப்புறப் படுக்க முடியாதவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் ஒருக்களித்துப் படுத்து முழங்கால்களுக்கு நடுவில் தலையணை வைக்கலாம். அல்லது பிளாஸ்டிக் நாற்காலியைச் சாப்பாட்டு மேசைப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்து, மேசைமேல் இரண்டு தலையணையை அடுக்கி அதில் கைகளை மடித்து நெற்றியைச் சாய்க்கலாம். பீடி சுற்றுகிறவர்களுக்கு வலி மேல்முதுகில்தான் அதிகம் என்பதால், இந்த உட்கார்ந்த நிலையே பல வீடுகளுக்குப் பொருந்தும்.

நகத்தை ஒட்ட வெட்டுங்கள். மோதிரம், வாட்ச், கையில் கட்டியிருக்கும் கயிறு எல்லாம் உரசும். கழற்ற முடிந்ததைக் கழற்றுங்கள். சோப்புப் போட்டுக் கை கழுவி, உள்ளங்கைகளை ஒன்றோடொன்று தேய்த்துச் சூடாக்கிக்கொள்ளுங்கள். எண்ணெய் ஒன்றிரண்டு மேசைக்கரண்டி போதும். நல்லெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ வீட்டில் இருப்பது எதுவானாலும் சரி. கிண்ணத்தை வெந்நீரில் கொஞ்ச நேரம் வைத்து எடுத்து, உங்கள் மணிக்கட்டின் உட்புறம் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். இதமாக இருந்தால் சரி. எண்ணெயை நேரே முதுகில் ஊற்றாமல் உங்கள் கையில் ஊற்றிக்கொண்டு பிறகு தொடுங்கள். வலிக்குத் தடவும் பாம், ஸ்ப்ரே எதையும் இதோடு கலக்க வேண்டாம்; அவற்றைத் தடவிய இடத்தில் வெந்நீர்ப் பையும் வைக்கக்கூடாது, தோல் வெந்துபோகும். சர்க்கரை நோயால் உணர்ச்சி குறைந்தவர்களுக்குச் சுடுவதே தெரியாது.

முதலில் நீவ வேண்டாம். ஒரு கையைத் தோள்பட்டைகளுக்கு நடுவிலும் மற்றொரு கையை இடுப்பிலும் வைத்துச் சும்மா இருங்கள். மூச்சு ஏறி இறங்குவது கைக்குத் தெரியும். ஐந்தாறு மூச்சு போகட்டும். அவசரத்தில் இருக்கிற கையை உடம்பு உடனே கண்டுபிடித்துவிடும்.

பிறகு நீளமாக நீவுங்கள். முதுகெலும்பின் இரண்டு பக்கமும் இரண்டு மேடு மாதிரித் தசை ஓடுவது தொட்டால் தெரியும். இடுப்பிலிருந்து தொடங்கி அந்த மேடுகளின்மேல் உள்ளங்கை முழுக்கப் படியும்படி கழுத்தடி வரை போய், தோள்களின்மேல் விரிந்து, விலாப் பக்கமாக அழுத்தமில்லாமல் இறங்கி வாருங்கள். நடுவில் தட்டுப்படும் எலும்பின்மேல் எப்போதும் அழுத்தக்கூடாது. வேகம்தான் இங்கே எல்லாம். நம் தோலில் மெதுவான வருடலுக்கு மட்டும் நன்றாகப் பதில் சொல்கிற ஒருவகை நுண்ணிய நரம்பிழைகள் இருப்பதை ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்கள் கண்டார்கள். நொடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில் போகிற கைக்கு அவை நன்றாக விழிக்கின்றன. அதைவிட வேகமாகத் தேய்த்தால் அடங்கிவிடுகின்றன. இடுப்பிலிருந்து கழுத்தடி வரை சுமார் 45 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒரு முறை மேலே போகப் பத்து நொடி எடுத்துக்கொண்டால் அந்த வேகத்துக்குள் இருக்கும். மனசுக்குள் பத்து வரை எண்ணிக்கொண்டு போய்ப் பாருங்கள். முதல் தடவை இவ்வளவு மெதுவாகவா என்று தோன்றும். ஆம், இவ்வளவு மெதுவாகத்தான்.

அழுத்தம் கையிலிருந்து வரக்கூடாது. அவர் பக்கத்தில் மண்டியிட்டு, முழங்கையை மடக்காமல், உங்கள் உடம்பை மெல்ல முன்னால் சாய்த்தால் எடை தானாகக் கைவழியே இறங்கும். பின்னால் வந்தால் குறையும். கட்டைவிரலால் குத்திக் குத்தி அழுத்துவது ஆரம்பத்தில் எல்லாரும் செய்வது. அதில் அவருக்குக் குத்தல், உங்களுக்கு விரலடி மூட்டில் வலி. அடி உள்ளங்கை, தளர்த்திய முஷ்டி, முன்கை இவற்றை வைத்துக்கொள்ளுங்கள். இடுப்பில் இரண்டு கையையும் ஊன்றினால் எலும்பின் விளிம்பு தட்டுப்படும். அதற்கும் கடைசி விலா எலும்புக்கும் நடுவில் எலும்புக் காப்பு இல்லாத மெத்தென்ற பகுதி பக்கத்துக்கு ஒன்று. அங்கே உள்ளங்கையால் தடவலாம், குத்தக்கூடாது, தட்டக்கூடாது. அதற்கு மேலே கடைசி விலாக்களை ஒட்டி உள்ளே சிறுநீரகங்கள் இருக்கின்றன. அங்கேயும் குத்துவதோ தட்டுவதோ வேண்டாம்.

பீடி சுற்றுகிறவர்களுக்கு உயிர் போகிற இடம் தோள்பட்டை எலும்பின் உள்விளிம்பு. அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி: அந்தப் பக்கத்துக் கையை மடக்கி முதுகுக்குப் பின்னால் இடுப்பில் வைக்கச் சொல்லுங்கள். பட்டை எலும்பு இறக்கை மாதிரித் தூக்கிக்கொடுக்கும். அதன் விளிம்புக்கும் முதுகெலும்புக்கும் நடுவில் விரல்நுனிகளைச் சேர்த்து வைத்துச் சின்னச் சின்ன வட்டமாக, மேலிருந்து கீழே வாருங்கள். எங்காவது நரநரவென்று உருளும், கட்டியாகத் தட்டுப்படும். அது நரம்பு பிசகியதும் இல்லை, வாயு அடைத்ததும் இல்லை, இறுகிய தசை. அதை நசுக்கி உடைக்க வேண்டியதில்லை. அதன்மேல் கையை வைத்து மூன்று நாலு மூச்சு நேரம் அழுத்தி நில்லுங்கள், விடுங்கள், பக்கத்துக்குப் போங்கள். தோளின் மேல்பகுதியை ஐந்து விரலாலும் கவ்விப் பிடித்துத் தூக்கிப் பிசையலாம். மாம்பழம் பழுத்திருக்கிறதா என்று கடையில் அமுக்கிப் பார்ப்பீர்களே, தொடக்கத்தில் அவ்வளவு அழுத்தம் போதும். கழுத்தின் முன்பக்கத்தையும் பக்கவாட்டையும் தொட வேண்டாம். மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் அங்கே ஓடுகின்றன.

போன மழைக்காலத்தில் ஒரு கொத்தனார் அண்ணனை உள்ளே அழைத்தேன், அவர் மனைவி சம்மதித்த பிறகு. சிமென்டில் ஊறிக் காய்த்துப்போன கை. தோலில் பட்டதும் மனைவி முதுகு சிலிர்த்துச் சுருங்கியது, சொரசொரப்பு. மெல்லிய பருத்தித் துண்டு ஒன்றை விரித்து அதன்மேல் நீவச் சொன்னேன். எண்ணெயே இல்லாமல் அப்படியும் செய்யலாம். அவர் தன் பலத்தையெல்லாம் காட்டி அழுத்தினார். "வலிக்கா?" என்றார். "இல்ல, நல்லாருக்கு" என்றார் மனைவி. ஆனால் அவருடைய கால்விரல்கள் பாயைக் கவ்விக்கொண்டிருந்தன, மூச்சு நின்றிருந்தது. அதை அண்ணனுக்குக் காட்டினேன். அவர் கையை எடுத்துவிட்டு, கொஞ்ச நேரம் பேசாமல் அந்தக் கால்விரல்களையே பார்த்தார். பிறகு பாதி அழுத்தத்தில் தொடங்கி, இந்த முறை "பத்துல எத்தன வலி?" என்று கேட்டார். "ஏழு." இன்னும் குறைத்தார். "நாலு. அப்பிடியே இருங்க, அந்த இடந்தான்." அவர்கள் இருவருக்கும் அதற்குமேல் நான் சொல்லிக்கொடுக்க ஒன்றுமில்லாமல் போயிற்று.

உங்கள் மனைவியும் வலிக்கிறது என்று சொல்லமாட்டார். நீங்கள் இவ்வளவு தூரம் வந்திருக்கும்போது மனசு நோகக்கூடாது என்று பொறுத்துக்கொள்வார். அதனால் "வலிக்கா?" என்று கேட்பதில் பயனில்லை, எண்ணாகக் கேளுங்கள். பத்துக்கு நாலைந்துக்குமேல் போகக்கூடாது. எண்ணைவிடக் கால்விரலையும் மூச்சையும் தோளையும் நம்புங்கள். வலித்தால்தான் வலி போகும் என்பது தவறான நம்பிக்கை. மறுநாள் முதுகு கன்றிப்போய் எழுந்தால் முந்தின இரவு அழுத்தம் அதிகம் என்று அர்த்தம். இதை நீங்களும் தெரிந்துகொள்ளலாம்: அடுத்த நாள் உங்கள் முதுகை அவர் அதே மாதிரி நீவட்டும், எது இதம் எது குத்தல் என்று உங்கள் உடம்பே சொல்லிவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெண்கள் என்னிடம் திரைக்குள் சொன்னது, ஆகவே பொதுவாகச் சொல்கிறேன். "அவுகள பிடிச்சுவிடச் சொன்னா அதோட நிக்காது டாக்டர், அதனால நான் கேக்குறதில்ல." இதைப் பலர் பல விதமாகச் சொல்லியிருக்கிறார்கள். வலியோடும் அசதியோடும் படுத்திருக்கும் உடம்பு, அடுத்து என்ன கேட்கப்போகிறாரோ என்று காத்திருந்தால் எந்தத் தசையும் தளராது. முதுகை நீவுகிற கை அன்றைக்கு வேறெதையும் கேட்காது என்பது அவருக்கு உறுதியாகத் தெரிய வேண்டும். தொடங்கும் முன்பே அதைச் சொல்லிவிடுங்கள். சொன்னபடி நடந்துகொள்ளுங்கள். அவர் வேண்டாம் என்று சொல்கிற நாளில் ஏன் என்று கேட்காமல் பாயைச் சுருட்டிவிடுங்கள்.

இருபது நிமிடம் ஆனதும் தொடங்கிய மாதிரியே நீளமாக நீவி, இரண்டு கையையும் வைத்துக் கொஞ்சம் நின்று முடியுங்கள். வெதுவெதுப்பான துண்டால் எண்ணெயை ஒற்றி எடுங்கள். அவர் உடனே எழக்கூடாது. ஒருக்களித்து, கையை ஊன்றி, உட்கார்ந்து, பிறகு நிற்க வேண்டும். தலைசுற்றல் வரலாம். முடித்ததும் லிட்டர் கணக்கில் தண்ணீர் குடித்தால் உடம்பின் விஷமெல்லாம் வெளியேறும் என்று சொல்வார்கள். அப்படி எதுவும் நடப்பதில்லை. தாகமிருந்தால் குடிக்கட்டும்.

எப்போது தொடக்கூடாது என்பதை இதைவிடக் கவனமாகப் படியுங்கள். காய்ச்சல், முதுகில் புண், அக்கி, சிவந்த வீக்கம் இருந்தால் வேண்டாம். கீழே விழுந்து அடிபட்டு வலி என்றால் எக்ஸ்ரே பார்க்கும்வரை வேண்டாம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்தவர்கள், கர்ப்பிணிகள், சமீபத்தில் ஆபரேஷன் செய்தவர்கள் முதலில் தங்கள் மருத்துவரைக் கேட்க வேண்டும். நம் பக்கம் முப்பத்தைந்து, நாற்பது வயதிலேயே கர்ப்பப்பையோடு சினைப்பையையும் எடுத்துக்கொண்ட பெண்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும், வருடக்கணக்கில் ஸ்டீராய்டு சாப்பிட்டவர்களுக்கும் எலும்பு சீக்கிரம் தேயும். முதுகெலும்பு சிறு அழுத்தத்துக்கே நசுங்கலாம். அவர்களுக்குத் தடவல் மட்டும், அழுத்தம் கூடாது. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால், குறிப்பாகப் பிரசவத்துக்கோ ஆபரேஷனுக்கோ பிறகு, அந்தக் காலைப் பிடித்துவிடவே கூடாது. உள்ளே ரத்தம் கட்டியிருந்தால் அது நுரையீரலுக்குப் போய்விடலாம்.

சாயங்காலம் காய்ச்சல், உடம்பு இளைப்பு, ராத்திரி படுத்தாலும் விடாத முதுகு வலி மூன்றும் சேர்ந்திருந்தால் முதுகெலும்பில் காசநோயாக இருக்கலாம். நம் நாட்டில் அது அபூர்வமல்ல. அரசு மருத்துவமனையில் சோதனையும் மருந்தும் இலவசம். சிறுநீர், மலம் கட்டுப்பாடு தவறினாலோ, தொடையிடுக்கு மரத்துப்போனாலோ, கால் இழுத்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மறுநாள் என்பது தாமதம். தோள்பட்டைகளுக்கு நடுவில் திடீர் வலி, கூடவே வியர்வை, மூச்சுத் திணறல், தாடையிலோ கையிலோ வலி வந்தால் வாயு என்று நினைத்து நீவிக்கொண்டிருக்காதீர்கள். பெண்களுக்கு மாரடைப்பு இப்படியும் வரும். 108க்குக் கூப்பிடுங்கள்.

பிரசவத்தில் முதுகில் போட்ட ஊசியால்தான் பத்து வருடமாக வலி என்று பலர் நம்புகிறார்கள். ஊசி போட்ட இடத்தில் சில நாள் வலிக்கலாம்; வருடக்கணக்கில் நீடிக்கும் வலிக்கு அது காரணமில்லை. இதை இங்கே சொல்வது, அந்த நம்பிக்கையால் "இது இனி தீராது" என்று பயிற்சியை விட்டுவிடுகிறார்கள் என்பதற்காக.

நீவிவிடுவதோடு நிறுத்திக்கொண்டால் ராத்திரி தளர்த்தியதைப் பகல் மறுபடி இறுக்கும். அவர் உட்காருகிற இடத்தைச் சுவரோரமாக மாற்றுங்கள், முதுகுக்கு ஒரு தலையணை கொடுங்கள். சுளகுக்கு அடியில் கெட்டியான திண்டோ சின்ன முக்காலியோ வைத்து உயர்த்தினால் தலை அவ்வளவு குனியாது, முழங்கையும் சாயும். அரைமணிக்கொரு தரம் எழுந்து கையைத் தலைக்குமேல் தூக்கிச் சோம்பல் முறிக்க வேண்டும்; எண்ணிக்கை குறைந்துவிடுமே என்று அவர் எழமாட்டார், நீங்கள் வீட்டிலிருக்கும் நேரத்தில் நினைவுபடுத்துங்கள். தண்ணீர்க் குடமும் சிலிண்டரும் உங்கள் பொறுப்பு.

சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்குமேல் எங்கள் நிலையத்தில் வேறு பெண் நோயாளிகள் இருப்பதில்லை. அந்த நேரத்தில் ஒரு தம்பதியாக உள்ளே அழைத்து, உங்கள் கையைப் பிடித்தே சொல்லித்தருகிறேன். இதற்குத் தனிக் கட்டணம் கிடையாது. வருவதற்கு முன் அவரிடம் கேட்டு, அவர் சரி என்றால் வாருங்கள். நகத்தை வெட்டிவிட்டு, ஒரு பருத்தித் துண்டும் எடுத்து வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் பிசியோதெரபிஸ்ட்